லேபிள் இல்லாத பொட்டலம்

எங்கள் லைனில் ஒரு பெண் ஸ்டூல் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மாசமாக இருப்பவர்களுக்கு மட்டும் உட்கார்ந்து வேலை செய்ய ஒரு ஸ்டூல் தருவார்கள். மற்றவர்கள் ஷிப்ட் முடியும்வரை நின்றே ஆக வேண்டும். ஆகவே முப்பத்தெட்டு வயதில், எட்டாவது படிக்கும் மகளை வைத்துக்கொண்டு, நான் போய் ஸ்டூல் கேட்டபோது சூப்பர்வைசர் வெட்கப்பட்டுக்கொண்டே "வாழ்த்துகள் மேடம்" என்றார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் கேன்டீன் முழுக்கச் செய்தி போய்விட்டது. யாரோ என் தட்டில் மாங்காய் ஊறுகாய் கொண்டுவந்து வைத்தார்கள்.

அப்படியெல்லாம் இல்லை, எனக்கு நரம்பில் நோய் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த வருஷம் கான்ட்ராக்டைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்று பயந்தேன். ஊறுகாயைச் சாப்பிட்டேன்.

ஒரகடத்தில் வண்டி தயாரிக்கும் கம்பெனி ஒன்றில், உள்ளே வரும் சரக்கைச் சோதிப்பது என் வேலை. அதிலும் ஒயர் கட்டுகள் முழுக்க என் பொறுப்பு. பெட்டியின்மேல் லேபிள் இருக்க வேண்டும். யார் செய்தது, என்றைக்குச் செய்தது, எந்த பேட்ச் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கூடவே சோதனைச் சான்றிதழ் வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி ஓரம் கட்டிவிடுவேன். சரக்குக் கொண்டுவந்தவர்கள், "எத்தன வருஷமா குடுக்கிறோம், எங்கள தெரியாதா மேடம்" என்று கெஞ்சுவார்கள். தெரியாது என்பேன். இந்தப் பெருமையை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல எனக்கு வாய் இருக்காது.

நோய் வந்த கதை சின்னது. முதலில் வலது பாதம் மரத்தது. பிறகு தலை குனிந்தால் முதுகுவழியாக ஷாக் அடித்தது. ஒருநாள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் என்னைக் கேட்காமலே மடங்கியது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள், ஐந்து நாள் ட்ரிப்ஸில் ஸ்டீராய்டு ஏற்றினார்கள், மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் என்றார்கள். சுருக்கமாக எம்.எஸ். என்று சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் கம்பெனியில் எம்.எஸ். என்றால் மைல்டு ஸ்டீல், இரும்புத் தகடு. "ஒயர் மேல இருக்கிற பிளாஸ்டிக் உரிஞ்சு போனா எப்படியோ, அப்படித்தான் உங்க நரம்பு" என்று டாக்டர் விளக்கினார். பத்து வருஷமாக ஒயரைத் தடவிப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவளிடம் அதைச் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

பூரணமாகக் குணமாக்க மருந்து இல்லை, நோய் திரும்பத் திரும்பத் தாக்குவதைக் குறைக்க வாரம் ஒரு ஊசி இருக்கிறது என்றார். தொடையில் நானே போட்டுக்கொள்ள வேண்டும். போட்ட மறுநாள் காய்ச்சலும் உடம்புவலியும் வந்து புரட்டி எடுக்கும். சனிக்கிழமை போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை படுத்துக் கிடந்தேன். அதுவரைக்கும் சரியாகத்தான் போனது. பிறகு கம்பெனிக்கு ஆர்டர் குவிந்து, ஞாயிற்றுக்கிழமையும் ஓ.டி. என்று ஆனது. வராதவர்கள் பெயரை ஒரு போர்டில் எழுதி வைத்தார்கள். காய்ச்சலோடு நின்றேன். அப்போதுதான் ஸ்டூல் கேட்டேன்.

இதற்குள் விஷயம் தெரிந்த நாலு பேரிடமிருந்து நாற்பது வைத்தியம் வந்து சேர்ந்தது. வரகரிசி சாப்பிடு என்றார்கள், வரகரிசியை விடு என்றார்கள். தண்டலத்தில் ஒரு காந்தப் படுக்கை இருக்கிறதாம், அதில் இலவசமாகப் படுத்துப் பார்க்கலாமாம். படுத்துப் பார்த்தேன். நன்றாகத் தூக்கம் வந்தது, அவ்வளவுதான். ஜெபக் கூட்டத்துக்கு அழைத்தார்கள், நாக தோஷம் கழிக்க அழைத்தார்கள். என் வீட்டுக்காரர் பக்கத்துக் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அவர் வாட்ஸப்பில் வந்ததையெல்லாம் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு, கடைசியில் "ஆனா டாக்டர் வேற சொன்னாரே" என்று முடிப்பார். எங்கள் வீட்டில் அறிவு இருந்தது அவருக்கு மட்டும்தான் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

முறைப்படி படித்த சித்த மருத்துவர் ஒருவரையும் அரசு ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். பொறுமையாக ஃபைலைப் படித்தார். "கால் இறுக்கத்துக்கு எண்ணெய் தரேன்மா, தடவிக்குங்க. ஆனா அந்த ஊசிய மட்டும் நிறுத்தாதீங்க" என்றார். இவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று முடிவுகட்டி, அதற்குப் பிறகு அவரிடம் போகவே இல்லை.

நான் தேடியது வேறு ஆளை. அந்த ஆளைச் சொன்னது மணிமங்கலத்திலிருந்து எங்கள் பஸ்ஸில் வரும் பேக்கிங் லைன் அக்கா. கம்பெனியில் அவரிடம் மட்டும்தான் என் நோயைச் சொல்லியிருந்தேன்.

"நீ இன்னாத்துக்கு வாராவாரம் குத்திக்கினு ஜொரத்துல கெடக்குற? வாலாஜாபாத்தாண்ட ஒரு வைத்தியரு கீறாரு. எங்க சித்தி படுத்த படுக்கையா கெடந்துச்சு. இப்ப குடம் தூக்கினு ரெண்டு மாடி ஏறுது."

"சித்திக்கு என்னக்கா நோய்?"

"அதெல்லாம் யாருக்குத் தெரியும்? எழுந்து நடக்குதா இல்லையா, அதப் பாரு."

இதைவிட நல்ல சான்றிதழ் வேண்டுமா? அடுத்த வார லீவில் வீட்டுக்காரரின் பைக்கில் கிளம்பினேன்.

வைத்தியசாலை ஒரு பிரியாணிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. போர்டில் முதல் வரியே நரம்புத் தளர்ச்சி. நம் ஊரில் அந்த வார்த்தை எந்தச் சங்கதிக்குப் புழங்குகிறது என்பது சுவர் விளம்பரம் படித்த எல்லோருக்கும் தெரியும். காத்திருந்த ஆண்கள் மூன்று பேரும் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. என்னைப் பார்த்ததும் அவர்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் தனக்கு ஒன்றுமில்லை என்று காட்டிக்கொள்ள, "அவங்களுக்குத்தான், அவங்களுக்குத்தான்" என்று யாரும் கேட்காமலே எல்லோருக்கும் சொன்னார்.

வைத்தியர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, இரண்டு செல்போன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, "எம்.எஸ்.ன்னு சொல்லியிருப்பாங்களே?" என்றார். எனக்குப் புல்லரித்தது. என் மடியில் இருந்த ஃபைலின் மேலட்டையில் அந்த இரண்டு எழுத்தும் கொட்டை கொட்டையாக எழுதியிருந்தது வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. உறைத்தும் ஒன்றும் ஆகவில்லை, பொட்டலத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"இதுல என்னென்ன இருக்கு ஐயா?" என்று கேட்கத்தான் செய்தேன், பழக்க தோஷம்.

"மலை மூலிகைம்மா."

"எந்த மலை?"

"மலைதாம்மா." இதற்குமேல் என்ன கேள்வி என்பதுபோல் பார்த்தார். "பத்தியம் ரொம்ப முக்கியம். கத்திரிக்காய், கருவாடு, இங்கிலீஷ் ஊசி, மூணையும் தொடவே கூடாது. ஊசி சூட்ட ஏத்தும், என் மருந்து வேலை செய்யாது."

கருவாட்டை நினைத்துக் கொஞ்சம் வருத்தப்பட்டேன். ஊசியை நினைத்து வருத்தப்படவில்லை, சந்தோஷமாக இருந்தது. இனிமேல் ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் இல்லை. பைக்கில் உட்கார்ந்ததும் வீட்டுக்காரர், "டாக்டர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிடலாமா?" என்றார். "சொன்னா திட்டுவாரு" என்றேன். திட்டு வாங்கப் பயந்து காலைப் பணயம் வைத்தவள் நான்.

கல்யாண வரன் விளம்பரம் அச்சடித்த செய்தித்தாளில் மடித்த பழுப்புப் பொடி. பெயர் இல்லை, தேதி இல்லை, பேட்ச் இல்லை. இப்படி ஒரு பெட்டி என் மேஜைக்கு வந்திருந்தால் லாரியோடு திருப்பி அனுப்பியிருப்பேன். தேனில் குழைத்து இரண்டு வேளை நக்கினேன்.

ஆனால் நானும் கம்பெனியில் வேலை செய்பவள் ஆயிற்றே. பரிசோதனை இல்லாமல் எதையும் ஏற்க மாட்டேன். வீட்டில் ஒரு செக் ஷீட் போட்டேன். எத்தனை நிமிஷம் நின்றேன், எத்தனை தடவை தடுக்கினேன், பஸ் படியில் கம்பியைப் பிடித்து ஏறினேனா பிடிக்காமல் ஏறினேனா என்று கட்டம் கட்டமாக நிரப்பினேன். ஐந்தாம் நாளிலிருந்து எல்லாக் கட்டமும் ஓகே. கால் லேசானது. அசதி போன இடம் தெரியவில்லை. பசி கொன்றது. கேன்டீனில் இரண்டு தடவை சோறு வாங்கினேன். அந்தப் பசியை எங்கேயோ முன்பே பார்த்திருக்கிறோமே என்று ஒரு நினைப்பு வந்தது. செக் ஷீட்டில் பசிக்குக் கட்டம் இல்லை, அதனால் விட்டுவிட்டேன்.

ஒரு மாதத்தில் கன்னம் உப்பி முகம் வட்டமானது. "நல்லா சதை போட்டுட்ட" என்று பஸ்ஸில் கொஞ்சினார்கள். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் சூப்பர்வைசரிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் முகம் வாடிவிட்டது. "டேக் கேர் மேடம், லீவு வேணும்னா எடுத்துக்கோங்க" என்றார். அன்று கேன்டீனில் நான் உட்கார்ந்த மேஜையில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. ஊறுகாய் வைத்த பெண் என் கையைப் பிடித்து, "அடுத்தது நல்லபடியா தங்கும்க்கா" என்றாள். நான் தலையாட்டினேன். வராத பிள்ளைக்குத் துக்கமும் விசாரித்தாயிற்று.

மூன்றாம் தடவை பொட்டலம் வாங்கப் போனபோது வைத்தியர் ஒரு வீடியோ கேட்டார். "கம்பெனி யூனிஃபார்மோட வாங்கம்மா. கம்பெனிக்காரங்க சொன்னாத்தான் ஜனங்க நம்புறாங்க." நோய்தான் போய்விட்டதே, இனி கம்பெனிக்குத் தெரிந்தால் என்ன என்று துணிந்தேன். ஒரகடம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் பஸ் நிற்கும் இடத்தில் எடுத்தோம். நாலு டேக் போனது. நாலுக்கும் காரணம் என் ஆர்வம்தான். கையை வீசி வீசி நடந்துவந்து கேமரா முன்னால் நின்று சிரித்துக்கொண்டு சொன்னேன்: "வணக்கம். எனக்கு எம்.எஸ்.னு பெரிய டாக்டருங்க சொன்னாங்க. இன்னிக்கு எட்டு மணி நேரம் நின்னு வேலை செய்றேன். ஊசிய நிறுத்திட்டேன். நீங்களும் தைரியமா நிறுத்துங்க."

அந்தக் கடைசி வரியை வைத்தியர் கேட்கவில்லை. அதை நானே சேர்த்தேன். நினைக்கும்போதெல்லாம் என் வாயை நானே கிள்ளிக்கொள்ளத் தோன்றுகிறது.

இடையில் ஆஸ்பத்திரிக்கும் போய்வந்தேன். "வேற ஏதாவது மருந்து எடுக்கறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். "ஊசி ஒழுங்கா போடறீங்களா?" ஆமாம் என்றேன். வெளியே வந்து அவரை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். இத்தனை படித்தும் ஒரு பொடியைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லையே என்று அவர்மேல் பரிதாபமாகக்கூட இருந்தது.

அடுத்த முறை வாலாஜாபாத் போனால் மாடியில் பூட்டு. கதவில் ஒரு தாள்: வைத்தியர் யாத்திரை சென்றுள்ளார். கீழே பிரியாணிக் கடைக்காரரிடம் கேட்டேன். "எப்ப வருவாருன்னு தெர்லம்மா. அவருக்கே உடம்பு சரியில்லன்னு சொல்லிக்கினாங்க. சென்னையில ஏதோ பெரிய ஆஸ்பத்திரியில கீறாராம்" என்றார். நான் அதை நம்பவில்லை. மூலிகை பறிக்கப் போயிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பொடி தீர்ந்து சில வாரங்களில் விழுந்தேன். காலையில் கேட்டுக்குள் நுழைந்து, வருகைப்பதிவு மெஷினில் விரலை வைத்தேன். இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லாததுபோல இருந்தது. கீழே கிடந்தபடி பார்த்தால், மெஷினில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வருகை பதிவாகிவிட்டது. அன்றைக்கு நான் உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அதே இரண்டு கேள்வியையும் கேட்டார். நான் மறுபடியும் பொய் சொல்ல வாயைத் திறந்தேன். வீட்டுக்காரர் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். டாக்டர் திட்டவில்லை. என் வட்ட முகத்தையே கொஞ்சநேரம் பார்த்தார். "அந்தப் பொடியில ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். டெஸ்ட் பண்ணாம உறுதியா சொல்ல மாட்டேன். அது கொஞ்ச நாள் நல்லா வச்சிருக்கும். உள்ள நோய் பாட்டுக்கு வேலையப் பாத்துக்கிட்டு இருக்கும்" என்றார்.

மறுபடியும் ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். இரண்டாம் நாள் பசி வந்தது. அதே பசி. கேன்டீனில் இரண்டு தடவை சோறு வாங்கவைத்த பசி. முதல் தடவை ட்ரிப்ஸ் போட்டபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் மகளின் டிபனையும் சேர்த்துத் தின்ற பசி. டாக்டர் டெஸ்ட் பண்ண வேண்டியது பாக்கியிருக்கலாம், என் வயிறு பண்ணிவிட்டது. இட்லித் தட்டை வைத்துக்கொண்டு அழுதேன். என் முட்டாள்தனத்துக்காக அழுதேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் காலுக்காகத்தான் அழுதேன், இடது கால் ஓரளவு திரும்பியது, வலது கால் திரும்பவில்லை.

கம்பெனியில் இப்போது எல்லோருக்கும் எல்லாம் தெரியும். துரத்திவிடுவார்கள் என்று பயந்தேன், துரத்தவில்லை. ரெக்கார்ட் அறையில் உட்காரவைத்துவிட்டார்கள். ஸ்டூல் இல்லை, கைப்பிடி வைத்த நாற்காலி. சப்ளையர்களின் சோதனைச் சான்றிதழ்களைத் தேதிவாரியாக அடுக்குகிறேன். முதலிலேயே உண்மையைச் சொல்லிக் கேட்டிருந்தால் இரண்டு காலோடு இதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம்.

வைத்தியர் திரும்பி வந்ததும் போன் செய்தேன், அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள் என்று. "நான் எடுத்தா மட்டும் போயிடுமாம்மா? ஊரெல்லாம் சுத்துது. உங்களால எத்தன பேருக்கு வாழ்க்கை கிடைச்சிருக்கு தெரியுமா?" என்றார். நடந்ததைச் சொல்லி நானே இன்னொரு வீடியோ போட்டிருக்க வேண்டும். ஊன்றுகோலோடு கேமரா முன்னால் நிற்க வெட்கமாக இருந்தது. பிறகு போடலாம் என்று தள்ளிப்போட்டேன். மாதங்கள் ஓடிவிட்டன.

போன மாதம் ஆஸ்பத்திரி பெஞ்சில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு தாயும் மகளும். மகளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு தலை குனிந்திருந்தாள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போன் தயாரிக்கும் கம்பெனியில் வேலை என்று அம்மா சொன்னார். அந்தப் பெண்ணுக்கும் என் நோய்தான், எழுதிக்கொடுத்ததும் அதே வார ஊசிதான். திடீரென்று ஒரு கண் மங்கிவிட்டதாம்.

அம்மா என் கோலைப் பார்த்துவிட்டு நெருங்கி உட்கார்ந்தார். "உங்களுக்கும் அதேதானா? ஏம்மா இவங்கள நம்பிக்கினு கெடக்குறீங்க. இத பாருங்க." போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். அதில் வட்ட முகத்தோடு ஒரு பெண் கையை வீசிக்கொண்டு நடந்துவந்தாள்.

"இது நான்தாம்மா" என்றேன்.

அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போங்கம்மா. அவங்க எப்டி தளதளன்னு கீறாங்க" என்றார். என் உண்மை முகத்துக்கு அங்கே மதிப்பே இல்லை.

"சத்தியமா நான்தான். அந்தச் சதையெல்லாம் பொடி போட்ட சதை. அதுக்கப்பறம்தான் இந்தக் கால் போச்சு."

"வேற யாரோ மாதிரி கீதும்மா. அவங்க நடக்குறாங்களே" என்றார். குரலில் கோபம்கூட வந்துவிட்டது. அவருக்கு மீதியிருந்த ஒரே நம்பிக்கையை நான் பிடுங்கப் பார்க்கிறேன், வராதா பின்னே?

வேறு வழி தெரியவில்லை. கோலை ஊன்றிக்கொண்டு எழுந்து நின்றேன். எனக்கு அந்த வரிகள் மனப்பாடம், மறக்கத்தான் முடியவில்லை. அதே ராகத்தில் சொன்னேன்: "வணக்கம். எனக்கு எம்.எஸ்.னு பெரிய டாக்டருங்க சொன்னாங்க. இன்னிக்கு எட்டு மணி நேரம் நின்னு வேலை செய்றேன். ஊசிய நிறுத்திட்டேன்." பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நாலு டேக் எடுத்தும் நடுங்காத குரல் அன்று நடுங்கியது. கடைசி வரியைச் சொல்ல முடியாமல் நின்றுவிட்டேன்.

குனிந்திருந்த பெண் தலையைத் தூக்கினாள். "நீங்களும் தைரியமா நிறுத்துங்க" என்று அவள் முடித்தாள். பிறகு, "அம்மா, அதே குரல்தாம்மா. ஹாஸ்டல்ல டெய்லி கேப்பேன்" என்றாள்.

அம்மா தன் மடியில் இருந்த பையை இறுக்கிக்கொண்டார். பையின் வாயில் செய்தித்தாள் பொட்டலத்தின் மூலை தெரிந்தது.

அவளுடைய டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். "அக்கா, எனக்கு உள்ள போக பயமா இருக்கு. திட்டுவாரு" என்றாள். நானும் கூடவே போனேன். ஒரு கண் மங்கியவளும் ஒரு கால் வராதவளும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு உள்ளே போய்ச் சேர்வதற்குள் டாக்டர் பாதி எழுந்துவிட்டார். இரண்டு ஃபைலையும் வாங்கி வைத்துக்கொண்டு அவளைப் பார்த்துக் கேட்டார்:

"ஊசி எப்ப நிறுத்தினீங்க?"

அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். பொய் சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது, அந்த இறுக்கம் எனக்குப் பழக்கமானது. அவளுக்கு முந்தி நான் சொன்னேன்:

"என் வீடியோவைப் பாத்த அன்னிக்கு, டாக்டர்."